நல்ல தீவனம், நம்ப முடியாத குவளை: எடைக் குறைப்பு நாய்த் தீவனம் ஒன்றை ஏழு மாதம் பயன்படுத்திய பின்

எங்கள் வீட்டுக் கருப்பிக்கு ஏழு வயது. கருத்தடை அறுவை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தடுப்பூசிக்காக அழைத்துச் சென்றபோது எடை மேடை 17 கிலோ காட்டியது. மருத்துவர் இரண்டு கைகளாலும் அதன் விலாவைத் தடவிப் பார்த்தார்; எலும்பு விரலுக்கு எளிதில் தட்டுப்படவில்லை. மேலிருந்து பார்க்கையில் தெரிய வேண்டிய இடுப்பு வளைவும் காணாமல் போயிருந்தது. ஒன்பது புள்ளி உடற்கட்டு அளவுகோலில் ஏழு என்று குறித்துக்கொண்டு, 14 கிலோவுக்குக் கொண்டு வாருங்கள் என்றார். அந்த அளவுகோலில் ஐந்து என்பது சரியான உடல். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு மிகை எடையைக் காட்டும். அன்று மாலையே எடைக் குறைப்புக்கென்று விற்கப்படும் உலர் தீவனம் ஒன்றை வாங்கினேன். பையோடு ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையும் இலவசமாக வந்தது.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு பைக்கு மட்டும் உரியதன்று என்பதே காரணம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைக்குள் இருக்கும் தீவனம் நன்றாகவே தயாரிக்கப்பட்டிருக்கிறது, பையின் முதுகில் அச்சிட்டிருக்கும் ஊட்டும் அட்டவணையும் கூட வந்த குவளையும் அந்தத் தீவனத்தின் பயனை ஏறக்குறைய முழுவதுமாகக் கெடுக்கின்றன. முதல் நான்கு வாரம் அட்டவணையையும் குவளையையும் நம்பினேன். கருப்பியின் எடை இறங்கியது 100 கிராம்தான்.

முதலில் பையில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "100 கிராமில் 312 கலோரி மட்டுமே" என்று இருக்கிறது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் "கிலோவுக்கு 3,120 கிலோகலோரி" என்று இருக்கிறது. அலகுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு வரும். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கலோரி. அது மிகச் சிறிய அளவு என்பதால் உணவைப் பற்றிப் பேசும்போது அதன் ஆயிரம் மடங்கான கிலோகலோரியைத்தான் எல்லோரும் கையாளுகிறார்கள், ஆனால் பேச்சு வழக்கிலும் விளம்பரத்திலும் "கிலோ" உதிர்ந்து வெறும் கலோரி என்றாகிவிடுகிறது. மனிதருக்கான உணவில் இந்தப் பழக்கத்தால் பெரிய தீங்கில்லை. தராசை வைத்துக் கணக்குப் போட வேண்டிய ஒரு தீவனப் பையில், அதுவும் ஒரே பையின் இரு பக்கங்களில், இரண்டு அலகுகளைக் கலந்து அச்சிடுவது கவனக்குறைவு. கிலோஜூலில் எழுதும் வழக்கமும் உண்டு. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். இந்தப் பையில் நல்லவேளையாக அந்த மூன்றாவது அலகு இல்லை.

3,120 என்ற எண் உண்மைதானா என்று சோதிக்க எனக்கு ஆசை வந்தது. பையில் புரதம் 30, கொழுப்பு 9, நார்ச்சத்து 7, ஈரப்பதம் 10, சாம்பல் 7 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறார்கள். சாம்பல் என்றால் தீவனத்தை எரித்தபின் எஞ்சும் தாதுக்கள். அதை எல்லா நிறுவனங்களும் அச்சிடுவதில்லை, இவர்கள் அச்சிட்டதற்கு ஒரு பாராட்டு. மாவுச்சத்தைப் பெரும்பாலும் எவரும் அச்சிடுவதில்லை. மற்ற ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் கிடைக்கும் 37-ஐத்தான் மாவுச்சத்தாகக் கொள்ள வேண்டும். பையிலுள்ள புரதமும் கொழுப்பும் குறைந்தபட்ச உத்தரவாதம், நாரும் ஈரப்பதமும் அதிகபட்ச உத்தரவாதம் என்பதால் இக்கணக்கு தோராயமாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மனிதரின் உணவுக்குப் புரதத்திற்கு 4, கொழுப்பிற்கு 9, மாவுச்சத்திற்கு 4 என்று கிராமுக்கு இத்தனை கிலோகலோரி வைத்துப் பெருக்குவது அமெரிக்க வேதியியலர் ஆட்வாட்டர் வழியில் வந்த பழக்கம். அதை இந்தத் தீவனத்திற்குப் போட்டால் 100 கிராமுக்கு 349 வருகிறது. பையிலுள்ளதைவிட 12 விழுக்காடு அதிகம். பை குறைத்துச் சொல்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. மனித உணவு அளவுக்கு உலர் தீவனம் செரிப்பதில்லை என்பதால் வளர்ப்பு விலங்குத் தீவனத்திற்கு 3.5, 8.5, 3.5 என்று திருத்திய எண்களை வைத்திருக்கிறார்கள். நிறுவனங்கள் கணக்கிட்டுச் சொல்லும் கலோரிக்கு அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமான ஆஃப்கோ ஏற்றுக்கொள்வதும் இந்த எண்களைத்தான். அதன்படி 105, 76.5, 129.5 ஆகியவற்றைக் கூட்டினால் 311. பையில் 312. பொருந்துகிறது.

அத்தோடு விட மனமில்லை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் 2006-இல் வெளியிட்ட நாய், பூனை ஊட்டத் தேவைகள் பற்றிய அறிக்கையில், நார்ச்சத்து எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பச் செரிமானத்தைக் குறைத்துக் கணக்கிடும் இன்னொரு முறை இருக்கிறது. எடைக் குறைப்புத் தீவனங்களில் நார் அதிகம் என்பதால் இந்த முறையே அவற்றுக்கு நியாயமானது. இதில் முதலில் மொத்த எரிசக்தியைக் காண வேண்டும். அதாவது, இந்தத் தீவனத்தை பாம் கலோரிமீட்டர் என்ற மூடிய கலத்துக்குள் ஆக்சிஜனோடு அடைத்து முழுவதும் எரித்தால் வெளிவரும் வெப்பம். அது 100 கிராமுக்கு 436 கிலோகலோரி. ஈரப்பதம் நீக்கிய நிலையில் நார்ச்சத்து 7.8 விழுக்காடு ஆவதால், இதில் 80 விழுக்காடுதான் செரிக்கும். மீதி மலத்தோடு போய்விடும். ஆகச் செரிமான எரிசக்தி 349. புரதம் உடைபடும்போது உண்டாகும் யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறும் பங்கிற்காக, ஒரு கிராம் புரதத்திற்கு 1.04 வீதம் இன்னும் 31 கழிக்க வேண்டும். எஞ்சும் 318-தான் வளர்சிதை மாற்ற எரிசக்தி, அதாவது நாயின் உடல் கையாளக் கிடைக்கும் எரிசக்தி. இரண்டு வழிகளில் 311, 318, பையில் 312. இந்த எண்ணை அச்சிட்டவர்கள் நேர்மையாகவே அச்சிட்டிருக்கிறார்கள்.

எரித்தால் 436, நாய்க்குக் கிடைப்பது 312 என்ற இந்த இடைவெளிதான் கால்நடைத் தீவன இயலின் பாதிப் பாடம். இதற்கு அடுத்தும் ஒரு படி இருக்கிறது: உண்டதைச் செரித்து உட்கிரகிக்கும் வேலையிலேயே ஒரு பகுதி வெப்பமாகிப் போக, எஞ்சுவது நிகர எரிசக்தி. கறவை மாட்டின் தீவனத்தை நிகர எரிசக்தியில் கணக்கிடுவதற்குக் காரணம், அசைபோடும் விலங்குகளில் இந்த இழப்புகள் தீவனத்திற்குத் தீவனம் பெரிதும் மாறுபடுவதும், மீத்தேன் வாயுவாக மட்டுமே மொத்த எரிசக்தியில் 2 முதல் 12 விழுக்காடு வரை வெளியேறிவிடுவதும் ஆகும். கோழிக்கு வளர்சிதை மாற்ற எரிசக்தியில் கணக்கிடுவதற்குக் காரணம் அதைவிட எளியது: கோழியின் எச்சமும் சிறுநீரும் ஒன்றாகவே வெளிவருவதால் இரண்டையும் பிரித்து அளப்பது கடினம். நாய்க்கும் பூனைக்கும் வளர்சிதை மாற்ற எரிசக்தியே போதும் என்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பையில் எந்த எரிசக்தி என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பையில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இனி நாயின் பக்கம். எத்தனை கிலோகலோரி கொடுக்க வேண்டும்? எடை இரு மடங்கானால் தேவையும் இரு மடங்காகும் என்று தோன்றும், ஆகாது. சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மாக்ஸ் கிளைபர், எலி முதல் மாடு வரையிலான விலங்குகளின் ஓய்வுநிலை எரிசக்திச் செலவை ஒப்பிட்டு, அது எடையின் முக்கால் அடுக்கோடு உயர்கிறது என்று 1932-இல் எழுதினார். அதன்படி 3.5 கிலோ நாயைவிட 35 கிலோ நாய் பத்து மடங்கு எடை, ஆனால் அதற்கு வேண்டிய எரிசக்தி 5.6 மடங்குதான். சிறிய நாய்க்குக் கிலோ ஒன்றுக்கு அதிகமாகவும் பெரிய நாய்க்குக் குறைவாகவும் வேண்டியிருப்பது இதனால்தான். கால்நடை மருத்துவர்கள் கையாளும் சூத்திரம் இதிலிருந்து வந்ததே: எடையைக் கிலோவில் எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைத் தேவை கிடைக்கும். அடுக்கு என்றவுடன் மிரள வேண்டாம். எடையை அதனாலேயே இருமுறை பெருக்கி, கிடைத்ததற்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்தால் அதே விடைதான். சாதாரணக் கால்குலேட்டர் போதும். 14-ஐ மூன்று முறை வைத்துப் பெருக்கினால் 2,744. அதன் வர்க்கமூலம் 52.4, அதற்கும் வர்க்கமூலம் எடுத்தால் 7.24. இதை 70-ஆல் பெருக்க, 507 கிலோகலோரி.

கருத்தடை செய்த, சாதாரணமாக வீட்டில் வாழும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம். கருத்தடை செய்யாததற்கு 1.8. நான்கு மாதத்திற்குட்பட்ட குட்டிக்கு மும்மடங்கு. எடை குறைக்க வேண்டிய நாய்க்குப் பெருக்கல் கிடையாது. அடைய வேண்டிய எடைக்குரிய ஓய்வுநிலைத் தேவையை மட்டும் கொடுப்பது பரவலான தொடக்கம். "அடைய வேண்டிய எடை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கருப்பியின் அன்றைய 17 கிலோவுக்குக் கணக்கிட்டால் 586 வரும். அந்த மிகைக் கொழுப்புக்கும் சேர்த்து ஊட்டுவதாகிவிடும். ஆகக் கருப்பிக்கு நாளொன்றுக்கு 507.

இப்போது பையின் அட்டவணைக்கு வருவோம். "எடை குறைப்பதற்கு" என்ற நிரலில் 15 முதல் 20 கிலோ நாய்க்கு 2 முதல் 2½ குவளை என்று போட்டிருக்கிறது. அது இன்றைய எடையா, அடைய வேண்டிய எடையா என்று எங்கும் சொல்லவில்லை. கருத்தடை செய்த நாயா இல்லையா, நாள் முழுவதும் ஓடுவதா சோபாவில் கிடப்பதா என்ற கேள்விக்கும் இடமில்லை. 15 கிலோ நாய்க்கும் 20 கிலோ நாய்க்கும் ஓய்வுநிலைத் தேவையில் மட்டும் 128 கிலோகலோரி வேறுபாடு இருக்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில் அடைத்துவிட்டார்கள். குவளை ஒன்றுக்கு 290 கிலோகலோரி என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது அவர்கள் கணக்கில் ஒரு குவளைக்கு 93 கிராம். நான் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் 2¼ குவளை கொடுத்தேன். அச்சிட்டபடி பார்த்தால் 652 கிலோகலோரி. அப்போது எனக்கு 507 என்ற கணக்குத் தெரியாது.

நான்கு வாரத்திற்குப் பின் 16.9 கிலோ. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எதில் அளக்கிறீர்கள்?" என்பது. குவளையில் என்றேன். தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்றார்.

அன்றிரவு சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு பத்து முறை அளந்தேன். எப்போதும் அள்ளுவதுபோல் பைக்குள் குவளையை விட்டு அள்ளி, மேலே கத்தியின் முதுகால் மட்டம் செய்து, தராசில் கொட்டினேன். மிகக் குறைந்தது 97 கிராம், மிக அதிகம் 111. சராசரி 104. பத்தில் ஒருமுறைகூட 93 வரவில்லை. குவளையின் உட்சுவரில் ஒரு மெல்லிய கோடு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே, குவளையின் நிறத்திலேயே, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி புடைத்திருந்தது. அந்தக் கோடுவரை நிரப்பினால் 92, 94, 93. ஆக, அவர்களின் "ஒரு குவளை" என்பது குவளை நிறைய அன்று, அந்தக் கோடு. இதைப் பையில் எங்கும் எழுதவில்லை. குவளை என்றால் விளிம்புவரை என்றுதான் எவரும் நினைப்பார்கள். என் மகனையும் அளக்கச் சொன்னேன். அவன் மட்டம் செய்யாமல் குவித்து அள்ளினான், 128 கிராம் வந்தது. வீட்டில் மாலை வேளைக்குத் தீவனம் வைப்பவன் அவன்தான்.

அவன் குவித்ததைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலே, 2¼ குவளை என்பது 234 கிராம், அதாவது 730 கிலோகலோரி. இடையிடையே கொடுத்த பிஸ்கட் துண்டுகளை எண்ணிப் பார்த்ததில் இன்னும் 65 இருந்தது. மொத்தம் 795. அதிக நடமாட்டம் இல்லாத வீட்டு நாய்களுக்கு 2006 அறிக்கை தரும் எண், எடையின் முக்கால் அடுக்கோடு பெருக்க வேண்டிய 95. 17 கிலோவுக்கு அது எவ்வளவு என்று பெருக்கினால் அச்சாக 795-தான். மிகையெடை தாங்கி நிற்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும், எடைக் குறைப்பு என்று எழுதிய பையிலிருந்தே, நான்கு வாரம் கவனமாக ஊட்டியிருக்கிறேன். கணக்கு முடிந்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

உலர் தீவனத்தைக் குவளையால் அளப்பதில் உள்ள கோளாறு இந்த ஒரு நிறுவனத்தின் கோளாறு அன்று. மணிகளின் வடிவம், இடையில் சிக்கும் காற்று, பையின் அடியில் சேரும் தூள், அள்ளும் கையின் வேகம் எல்லாம் சேர்ந்து ஒரே குவளையில் ஒரே தீவனத்தின் எடையை மாற்றுகின்றன. சிறிய நாய்க்கு இதன் விளைவு இன்னும் கடுமை. நாளுக்கு 60 கிராம் போதுமான ஒரு நாய்க்கு ஒவ்வொரு வேளையும் ஆறு கிராம் கூடினால் ஐந்தில் ஒரு பங்கு மிகையாகிவிடும். ஆறு கிராம் என்பது உள்ளங்கையில் சில மணிகள். ஆகக் குவளையை வைத்துத் தந்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று நிறுவனம் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அட்டவணையில் குவளைக்குப் பக்கத்தில் கிராம் என்று இன்னொரு நிரல் சேர்க்க எத்தனை மை செலவாகும்?

தராசுக்கு மாறிய பிறகு கதை வேறு. 507-இல் பத்தில் ஒரு பங்கான 50-ஐத் தின்பண்டத்திற்கு ஒதுக்கினேன்; அதற்கு மேல் போனால் சமச்சீர் தீவனத்தின் சத்து விகிதம் கெடும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் வரம்பு. மீதி 457 கிலோகலோரிக்கு 146 கிராம் தீவனம், வேளைக்கு 73. காலையில் இரண்டு வேளைக்கும் சேர்த்து நிறுத்து, மாலைக்கு உரியதைத் தனி டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடுவேன். மகன் அள்ளும் வேலை அத்தோடு முடிந்தது. பதினெட்டு வாரத்தில் 16.9-இலிருந்து 14.3 கிலோ. வாரத்திற்குச் சராசரியாக 144 கிராம், தொடக்க எடையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. வாரத்திற்கு 1 முதல் 2 விழுக்காடு என்ற பொது இலக்கின் கீழ்விளிம்புக்குச் சற்றுக் கீழே. பதினோராம், பன்னிரண்டாம் வாரங்களில் தராசு முள் அசையவில்லை. உடல் சிறுக்கும்போது செலவும் சிறுக்கும் என்பதால் இது வரத்தான் செய்யும். மருத்துவரைக் கேட்டு 146-ஐ 139 ஆக்கியதும் மீண்டும் இறங்கியது. குவளையில் ஏழு கிராம் குறைப்பது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பழைய தீவனத்தையே அளவு குறைத்துப் போட்டால் ஆகாதா, தனியாக ஒரு பை எதற்கு? நானும் கேட்டேன். கருப்பி முன்பு தின்ற தீவனத்தில் கிலோவுக்கு 3,850 கிலோகலோரி, புரதம் 25 விழுக்காடு. சத்துகளைக் கிலோவுக்கு ஒப்பிடாமல் 1,000 கிலோகலோரிக்கு ஒப்பிட வேண்டும் என்பது தீவன இயலின் அடிப்படைப் பழக்கம், ஏனெனில் விலங்கு உண்ண வேண்டிய அளவைத் தீர்மானிப்பது அதன் எரிசக்தித் தேவையே. மற்ற சத்துகள் அந்த அளவுக்குள் அடங்கி வந்தாக வேண்டும். பழைய தீவனத்தில் 1,000 கிலோகலோரிக்குப் புரதம் 65 கிராம், புதியதில் 96. வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ வைத்திருக்கும் குறைந்தபட்சம் 45. சாதாரண அளவு உண்ணும் நாய்க்கு இரண்டுமே போதும். ஆனால் நாளுக்கு 457 கிலோகலோரி மட்டும் தீவனத்திலிருந்து பெறும் கருப்பிக்குப் பழையதில் கிடைக்கும் புரதம் 30 கிராம், புதியதில் 44 கிராம். கொழுப்பு கரையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் காப்பதில் அந்த 14 கிராமுக்குப் பங்கு உண்டு. உயிர்ச்சத்து, தாது ஆகியவற்றுக்கும் இதே நியாயம்தான்: சாதாரணத் தீவனத்தின் சத்துகள் சாதாரண அளவு கலோரியை எதிர்பார்த்துக் கலக்கப்பட்டவை, கலோரியைப் பெரிதாக வெட்டினால் அவையும் சேர்ந்து வெட்டுப்படும். இந்தத் தீவனத்தைத் தயாரித்தவர்கள் இதை அறிந்து செய்திருக்கிறார்கள். பையில் "லைட்" என்ற சொல்லை மட்டும் ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அந்தச் சொல்லுக்கும் வரம்பு உண்டு. ஆஃப்கோ விதியில் உலர்ந்த நாய்த் தீவனத்தை அப்படி அழைக்க கிலோவுக்கு 3,100 கிலோகலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. இவர்கள் 3,120-இல் நின்றுகொண்டு அந்தச் சொல்லைப் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

விலையைப் பற்றிக் குறைப்படுபவர்களுக்கும் இதே அலகில்தான் விடை. கிலோ விலையை ஒப்பிட்டால் அடர்வு குறைந்த தீவனம் மலிவாகவும் தோன்றலாம், அதிகமாகவும் தோன்றலாம். நாளொன்றுக்கு எத்தனை கிராம் போகிறது என்பதோடு சேர்த்து, 1,000 கிலோகலோரிக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். டப்பாவில் வரும் ஈரத் தீவனத்தோடு ஒப்பிடும்போது இது மிகவும் முக்கியம். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்.

பசி எப்படி இருந்தது? முதல் பத்து நாள் கடினம். தட்டை நக்கிச் சமையலறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரும். நார்ச்சத்து அதிகம் என்பதால் வயிறு நிறையும் என்று பையில் எழுதியிருக்கிறது. பழைய தீவனத்தில் இதே கலோரிக்கு 119 கிராம்தான் வரும் என்பதை நினைக்கும்போது 146 கிராம் சற்று ஆறுதல்தான், ஆனாலும் அது கருப்பிக்குப் புரிய வேண்டுமே. மூன்றாம் வாரம் முதல் அடங்கிவிட்டது. மலம் பருமனாகவும் அடிக்கடியும் வருகிறது. செரிக்காத 20 விழுக்காடு எங்கே போகும்? இறுகியே இருப்பதால் குறையாகச் சொல்ல மாட்டேன். மணிகள் ஒரே அளவு, வாடை மிதம், பையின் வாய்ப்பூட்டு ஒரு மாதத்திலேயே பல் இளித்துவிட்டது.

குவளைக் கோட்டைப் பற்றியும், கலோரி கணக்கிட்டு எழுதியதா நாய்களுக்கு ஊட்டி அளந்து எழுதியதா என்றும் நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் பதில் ஐந்து நாளில் வந்தது. என் செல்லப் பிராணியின் நலனில் அவர்களுக்குள்ள அக்கறையைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. மீண்டும் எழுதியபின் ஊட்டவியல் பிரிவிலிருந்து ஒருவர் தெளிவாகப் பதில் எழுதினார்: கலோரி கணக்கிட்டு எழுதியதே, பையிலிருந்து எடுத்த நிலையில் உள்ள எடைக்கே, குவளை கோடுவரை நிரப்புவதற்கானது, தராசையே அவர்களும் பரிந்துரைக்கிறார்கள். பரிந்துரைப்பதைப் பையில் அச்சிடுவீர்களா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

இதைப் படித்துவிட்டுக் குண்டான பூனைக்கும் இதே கணக்கைப் போட எவரும் முனைய வேண்டாம். பூனைக்கு அடுக்கும் வேறு, பெருக்கும் எண்ணும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, மிகை எடையுள்ள பூனை சில நாள் சரியாக உண்ணாமல் போனாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். சினைப்பட்ட, பாலூட்டும் நாய்களுக்கும் குட்டிகளுக்கும் இந்தத் தீவனம் பொருந்தாது. அதைப் பையிலேயே சொல்லியிருக்கிறார்கள். எடை கூடியதற்குத் தைராய்டு போன்ற காரணம் இருக்கிறதா என்பதையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். கருப்பிக்கு இரத்தப் பரிசோதனை முடிந்தே தொடங்கினோம்.

மூன்று கிலோவுக்காக இத்தனை பாடா என்று வீட்டிலேயே கேட்டார்கள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக வாழ்நாள் முழுவதும் ஊட்டினார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. அந்த இரண்டாவது கூட்டம் பெருத்துக் கிடந்த கூட்டமும் அன்று. நாம் "நல்ல உடம்பு" என்று சொல்லும் அளவில் சற்று மிகையாக இருந்தவைதான். இதைச் சொன்னபின் கேள்வி வரவில்லை.

14.3 கிலோ வந்ததும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். விலா எலும்பு விரலுக்குத் தெரிகிறது, இடுப்பு வளைவு திரும்பிவிட்டது, இனி தாங்கி நிற்க ஊட்டினால் போதும் என்றார். சூத்திரப்படி 14 கிலோவுக்கு 1.6 மடங்கு என்றால் 811 கிலோகலோரி. ஒரேயடியாக அங்கே தாவாமல், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பத்து விழுக்காடு வீதம் கூட்டிக்கொண்டு வந்தோம். 690-ஐ எட்டியபோது எடை நின்றுவிட்டது, சென்ற மூன்று முறையும் 14.2-க்கும் 14.4-க்கும் இடையிலேயே நிற்கிறது. சூத்திரம் சொன்னதைவிட 15 விழுக்காடு குறைவு. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் தேவை இதைவிடவும் வேறுபடலாம் என்பதால் இதில் வியப்பில்லை. சூத்திரம் தொடக்கப் புள்ளியைக் காட்டும், அதற்கு மேல் எடை மேடைதான் பேச வேண்டும். தின்பண்டத்திற்கு 60 போக, நாளுக்கு 202 கிராம். பையின் அட்டவணையில் 14 கிலோ நாய்க்கு "எடையைத் தக்கவைக்க" என்ற நிரலில் 2¼ முதல் 2¾ குவளை என்றிருக்கிறது. விளிம்புவரை அளந்தால் 234 முதல் 286 கிராம்.

மூன்றாவது பையும் வாங்கிவிட்டேன். அதிலும் அதே குவளை, அதே நிறம், அதே தெரியாத கோடு. பையிலிருந்து தராசுத் தட்டுக்கு அள்ளிப் போட வசதியாகத்தான் இருக்கிறது.